ஆசனம் கட்சியுடையது, வாக்கு எம்முடையது

தேர்தல் முடிந்ததும் நமுனுகுலையிலிருந்து பசறை வரை கடை வாசல்களிலும் பஸ்ஸிலும் இரண்டு கேள்விகள் கேட்கும். முதல் வாரத்தில், "யார் வென்றது?" அடுத்த வாரத்தில், "யார் தாவினது?" பிரதேச சபை உறுப்பினர் எந்தக் கட்சி மேடையில் ஏறுகிறார், எந்த ஜனாதிபதி வேட்பாளருக்கு ஆதரவு என்கிறார் என்பது ஒவ்வொரு தேர்தலிலும் பெரிய செய்தியாகிறது. உறுப்பினர் ஒருவர் யாருக்கு விசுவாசமாக இருக்க வேண்டும்? அவர் ஆதரவு தெரிவித்தால் நாமும் அவ்வாறே வாக்களிக்க வேண்டுமா? விரைவில் வாக்காளர்களாகப் போகும் நாம் இவ்விரண்டையும் விளங்கிக்கொள்வது அவசியமாகும்.

ஆசனம் எப்படிக் கிடைக்கிறது?

2018 பெப்ரவரி 10ஆம் திகதி முதல் உள்ளூராட்சித் தேர்தல்கள் கலப்பு முறையில் நடைபெறுகின்றன. உறுப்பினர்களில் 60 வீதமானோர் வட்டாரங்களிலிருந்தும், 40 வீதமானோர் கட்சிப் பட்டியல்களிலிருந்தும் வருகின்றனர். விருப்பு வாக்கு இல்லை. வாக்குச் சீட்டில் நாம் புள்ளடியிடுவது ஒரு கட்சிக்கு அல்லது சுயேச்சைக் குழுவுக்கே. பட்டியல் ஆசனத்துக்கு யாரை அனுப்புவது என்பதைத் தேர்தலுக்குப் பின்னர் கட்சிச் செயலாளரே தீர்மானிக்கிறார். 25 வீதப் பெண் பிரதிநிதித்துவத்தின் பயனாகச் சபைக்கு வரும் பெண்கள் பலர் இந்தப் பட்டியல் வழியாகவே வருகின்றனர் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

ஆகவே சட்டத்தின் பார்வையில் ஆசனம் கட்சிக்கு உரியது. உறுப்பினர் கட்சி உறுப்புரிமையை இழந்தால் அவரது ஆசனம் வெற்றிடமானதாக வர்த்தமானியில் அறிவிக்கப்படும். பின்னர் அந்த இடத்துக்குக் கட்சி வேறொருவரை அனுப்பும்.

பாராளுமன்றத்திலும் ஏறத்தாழ இதே நிலைதான். அரசியலமைப்பின் 99(13)ஆம் உறுப்புரையின்படி, கட்சியிலிருந்து நீக்கப்பட்டவர் ஒரு மாதத்தில் ஆசனத்தை இழப்பார். அந்த ஒரு மாதத்துக்குள் அவர் உயர் நீதிமன்றம் செல்லலாம். நீக்கியது தவறு என்று நீதிமன்றம் கண்டால் ஆசனம் தப்பும்.

நீண்ட காலமாக இது ஏட்டுச் சட்டம் என்றே பலர் எண்ணியிருந்தனர். ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரசின் நசீர் அஹமட் 2021இல் கட்சி முடிவுக்கு மாறாக வரவு செலவுத் திட்டத்தை ஆதரித்து வாக்களித்தார், பின்னர் அமைச்சருமானார். கட்சி அவரை நீக்கியது சரியே என்று 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமைச்சராக இருக்கும்போதே அவர் ஆசனத்தை இழந்தார்.

எமது ஊவாவின் கதை

எமது மாகாணத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. 2014 செப்டெம்பர் 20ஆம் திகதி ஊவா மாகாண சபைத் தேர்தல் நடந்தது. மொத்தம் 34 ஆசனங்கள். ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 19, ஐக்கிய தேசியக் கட்சி 13, மக்கள் விடுதலை முன்னணி 2. பாராளுமன்ற உறுப்பினர் பதவியைத் துறந்து முதலமைச்சர் வேட்பாளராக நின்ற ஹரின் பெர்னாண்டோ எதிர்க்கட்சியில் அமர்ந்தார்.

நான்கு மாதங்கள்கூட ஆகவில்லை. 2015 ஜனவரியில் நாட்டின் ஜனாதிபதி மாறினார். ஆளும் தரப்பு உறுப்பினர்கள் சிலர் பக்கம் மாறினர். அதே மாதத்தில் ஹரின் பெர்னாண்டோ ஊவாவின் முதலமைச்சரானார். இடையில் மக்கள் எவரும் மீண்டும் வாக்களிக்கவில்லை.

இதே ஹரின் பெர்னாண்டோ 2020இல் ஐக்கிய மக்கள் சக்தியின் தேசியப் பட்டியல் வழியாகப் பாராளுமன்றம் சென்றார். 2022 மே மாதம் ரணில் விக்ரமசிங்க அரசாங்கத்தில் அமைச்சுப் பதவி ஏற்றார். கட்சி அவரை நீக்கியது செல்லும் என 2024 ஓகஸ்ட் 9ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததால் ஆசனத்தை இழந்தார். பிறர் பக்கம் மாறியதால் முதலமைச்சரானவர், தாம் பக்கம் மாறியதால் ஆசனத்தை இழந்தார். எந்தக் கட்சியாக இருந்தாலும், தம் பக்கம் வருபவரை மனச்சாட்சிப்படி வந்தவர் என்றும், தம்மை விட்டுப் போகிறவரைத் துரோகி என்றும்தான் சொல்கிறது.

தோட்டங்களில் விசுவாசம் ஆழமாக வேரூன்றியது ஏன்?

மலையகத்தில் கட்சி என்பது பெரும்பாலும் தொழிற்சங்கமே. 1939 ஜூலையில் ஜவஹர்லால் நேரு இலங்கை வந்தபோது இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவானது. 1947 தேர்தலில் அது 7 ஆசனங்களை வென்றது. பதுளைத் தொகுதியில் எஸ். எம். சுப்பையா தெரிவானார். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலானோர் வாக்குரிமையையும் இழந்தனர். வாக்கில்லாத காலத்தில் அவர்களுக்காகப் பேச இருந்தது சங்கம் மட்டுமே. சம்பளப் பிரச்சினையா, வேலை நிறுத்தமா, துரையிடம் பேச வேண்டுமா, எல்லாவற்றுக்கும் தோட்டத் தலைவரிடம்தான் போக வேண்டும். அப்படி வளர்ந்த விசுவாசத்தை நாம் எளிதாகக் குறை சொல்ல முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாகத் தோட்டக் குடியிருப்புகளில் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடை இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதுவரை தோட்டத்தின் உறுப்பினர் சபையில் இருந்தாலும் லயத்துக்குப் பாதையோ தண்ணீர்க் குழாயோ சபைப் பணத்தில் கொண்டுவருவது கடினம். கொழும்பில் அமைச்சராக இருக்கும் தலைவரிடம்தான் கேட்க வேண்டும். அதனால் உறுப்பினரும் மக்களை விடத் தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நகரத்து முஸ்லிம் குடும்பங்களிலும் பரம்பரை விசுவாசம் குறைவில்லை. என் உம்மம்மா இன்றும் வேட்பாளரின் பெயரைக் கேட்பதில்லை. "யானையா, கையா?" என்றுதான் கேட்பார்.

ஆதரவு அறிவித்தால் வாக்கு விழுமா?

2024 செப்டெம்பர் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணில் விக்ரமசிங்கவை ஆதரித்தது. தமிழ் முற்போக்குக் கூட்டணியும் முஸ்லிம் காங்கிரசும் சஜித் பிரேமதாசவை ஆதரித்தன. பதுளை மாவட்டத்தில் சஜித் பிரேமதாச முதலாமிடம் பெற்றார். அநுர குமார திசாநாயக்க இரண்டாமிடம், ரணில் விக்ரமசிங்க மூன்றாமிடம்.

54 நாட்களின் பின்னர், நவம்பர் 14ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தல். அதே பதுளை மாவட்டத்தின் 9 ஆசனங்களில் 6ஐ தேசிய மக்கள் சக்தி வென்றது. ஐக்கிய மக்கள் சக்திக்கு 2, புதிய ஜனநாயக முன்னணிக்கு 1. தேசிய மக்கள் சக்தியில் தெரிவானவர்களுள் மலையகத் தமிழ்ப் பெண்ணான அம்பிகா சாமுவேலும் ஒருவர். இரண்டு மாதத்துக்குள் ஒரு மாவட்டமே முடிவை மாற்றிக்கொள்ளுமானால், தலைவர்களின் அறிவிப்பு கட்டளையல்ல, ஆலோசனை மட்டுமே என்பது தெளிவாகிறது.

நாம் என்ன கேட்கலாம்?

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பின்னர் பல சபைகளில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இருக்கவில்லை. அத்தகைய சபைகளில் தலைவரை உறுப்பினர்களே வாக்களித்துத் தெரிவு செய்கின்றனர். கொழும்பு மாநகர சபையின் 117 உறுப்பினர்களில் தேசிய மக்கள் சக்திக்கு 48 பேரே இருந்தனர். ஆனால் ஜூன் 16ஆம் திகதி நடந்த இரகசிய வாக்கெடுப்பில் அதன் மேயர் வேட்பாளர் விராய் கெலி பல்தசார் 61 வாக்குகள் பெற்று வென்றார். ஏனைய வாக்குகளை யார் அளித்தார்கள் என்பதை அவர்களுக்கு வாக்களித்த மக்களால் அறிய முடியாது.

பக்கம் மாறுவதெல்லாம் பாவமல்ல, மாறாமலிருப்பதெல்லாம் நேர்மையுமல்ல. வட்டாரத்தின் பாதைக்காகவும் குடிநீருக்காகவும் ஒருவர் மாறி வாக்களித்தால் அதைப் பகிரங்கமாக எம்மிடம் சொல்லலாம். சொல்ல முடியாத காரணத்துக்காக மாறினால்தான் ஐயம் எழுகிறது. எனவே உறுப்பினரிடம் மூன்று கேள்விகளைக் கேட்போம். ஏன் இவரை ஆதரிக்கிறீர்கள்? அதனால் எமது வட்டாரத்துக்கு என்ன கிடைக்கும்? சபையில் எவ்வாறு வாக்களித்தீர்கள்? வாய் திறந்து பதில் சொல்லாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் கூட்ட அறிக்கையைக் கோரும் உரிமை பிரஜைகளுக்கு உண்டு.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் முதன்முறை வாக்களிக்கும்போது குடும்பத்தின் சின்னத்தைச் சொல்லிக் கொடுப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தச் சின்னத்தை ஏன் விரும்புகிறீர்கள் என்ற காரணத்தையும் சொல்லிக் கொடுங்கள். சகோதரிகளே, வாக்கு ஓர் அமானிதம். ஆசனத்தைக் கட்சி திருப்பி எடுக்கலாம். எமது வாக்கை எமக்காக வேறொருவர் அறிவிக்க முடியாது.