‘மரணம் ஏதும் இல்லை’: நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வியின் பயணம்



அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாளில் நாடாளுமன்ற நடைமுறை பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் நண்பர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். கவிதை, நாவல், தன்வரலாறு எவ்வளவோ இருக்க, நிகழ்ச்சி நிரலில் என்ன இருக்கிறது என்றார்கள். ஒரு பதிலிலிருந்து தொடங்கினால் என்ன இருக்கிறது என்பது தெரியும்.

2021 ஜூலை 28. மாநிலங்களவையில் மல்லிகார்ஜுன கார்கேயும் எல். ஹனுமந்தையாவும் கேள்வி கேட்டிருந்தார்கள். கையால் மலம் அள்ளும் தொழிலில் கடந்த ஐந்தாண்டுகளில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது அதன் சாரம். சமூகநீதித் துறை இணையமைச்சர் ராம்தாஸ் அதவாலே எழுத்துமூலம் பதில் தந்தார்: அத்தகைய மரணம் எதுவும் பதிவாகவில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில், அதே அமைச்சகம் மக்களவையில் வேறொரு பதில் தந்திருந்தது. 2020 டிசம்பர் வரையான ஐந்தாண்டுகளில் சாக்கடைகளையும் கழிவுநீர்த் தொட்டிகளையும் சுத்தம் செய்யும்போது இறந்தவர்கள் 340 பேர். அதில் தமிழ்நாட்டில் மட்டும் 43 பேர்.

ஒரே அமைச்சகம், ஒரே ஆண்டு. ஒரு அவையில் 340, மறு அவையில் சுழியம். எப்படி?

2013ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்தால் விடை கிடைக்கும். அந்தச் சட்டம் ‘கையால் மலம் அள்ளுபவர்’ என்பதற்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது. சுகாதாரமற்ற கழிப்பிடம், திறந்த சாக்கடை, மலம் கொட்டப்படும் குழி, ரயில் தண்டவாளம் ஆகியவற்றில் கையால் கழிவு அகற்றுபவர் அவர். மூடிய சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் உரிய பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது ‘அபாயகரமான துப்புரவு’ என்று தனியாக வரையறுக்கப்பட்டு, 7ஆம் பிரிவில் தடை செய்யப்பட்டிருக்கிறது. நம் தெருவில் இரண்டும் ஒன்றுதான். இறங்குகிறவரின் சாதியும் ஒன்றுதான். காகிதத்தில் இரண்டு. கேள்வியில் முதல் சொல் இருந்தது. அமைச்சகம் முதல் சொல்லுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டது. தொட்டிக்குள் மூச்சடைத்துச் செத்தவர்கள் அந்தப் பதிலுக்குள் வரவில்லை.

பத்திரிகைகள் இதைக் கண்டித்து எழுதின. நாமும் கண்டித்தோம். ஆனால் அடுத்த கேள்வியை எப்படி எழுதுவது என்று நம்மில் எத்தனை பேர் யோசித்தோம்?

கேள்வி கேட்கும் உரிமை இந்த நாட்டில் துளித்துளியாகக் கிடைத்தது. 1892ஆம் ஆண்டின் கவுன்சில் சட்டம் உறுப்பினர்களைக் கேள்வி கேட்க மட்டும் அனுமதித்தது. வந்த பதிலின் மேல் மறுகேள்வி கிடையாது. 1909இல் மூலக் கேள்வியைக் கேட்டவருக்கு மட்டும் துணைக் கேள்வி கேட்கும் உரிமை வந்தது. 1919 சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் அது எல்லா உறுப்பினர்களுக்குமானது. ஆள்பவர்கள் கேள்வியைவிட மறுகேள்விக்கே அதிகம் அஞ்சினார்கள் என்பது இந்த வரிசையிலேயே தெரிகிறது. அந்தக் கதவு திறந்த சில ஆண்டுகளிலேயே நம்மவர்கள் உள்ளே போய்விட்டார்கள். சென்னை சட்டமன்றத்தில் எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922இல் அரசு ஆவணங்களில் ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயர் ஏற்கப்பட்டது. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். சொல்லின் அதிகாரத்தை அவர்கள் அறிந்திருந்தார்கள். அண்ணலும் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் குழுவின் தொழிலாளர் உறுப்பினராக, மத்திய சட்டசபையில் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் இடத்தில் இருந்தார். அவருடைய எழுத்தும் பேச்சும் தொகுதிகளில் அந்தக் கேள்வி பதில்களும் அச்சாகியுள்ளன. மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

இனி நடைமுறைக்கு வருவோம்.

மக்களவை காலை 11 மணிக்குக் கூடும். முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். மாநிலங்களவையில் 2014 இறுதியிலிருந்து அது பகல் 12 மணிக்கு. கேள்விகளில் முக்கியமானவை இரண்டு வகை. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். அதன் மேல் துணைக் கேள்விகள் எழுப்பலாம். குறி இல்லாத கேள்விக்கு எழுத்துமூலப் பதில் மட்டும், மறுகேள்வி கிடையாது. மக்களவையில் ஒரு நாளைக்கு முதல் வகை 20, இரண்டாம் வகை 230. மாநிலங்களவையில் 15, 160. இருபது நட்சத்திரக் கேள்வி என்றாலும் ஒரு மணி நேரத்தில் ஐந்தாறுதான் பேச்சுக்கு வரும். மீதியெல்லாம் எழுத்துமூலப் பதிலாகிவிடும். எந்தக் கேள்வி முன்னால் வரும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது.

குலுக்கலில் நம் கேள்வி விழ வேண்டுமானால் சீட்டுகள் அதிகம் போடவேண்டும். மக்களவையில் ஒரு உறுப்பினர் பெயரில் ஒரு நாளைக்கு ஒரு நட்சத்திரக் கேள்விதான் பட்டியலில் ஏறும். ஆனால் ஒரே பொருளில் பல உறுப்பினர்கள் கேட்டால் அவற்றை ஒன்றாகச் சேர்ப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கு 39 பேர், மாநிலங்களவைக்கு 18 பேர். மக்களவையின் 39இல் ஏழு தனித்தொகுதிகள். நாம் வழக்கமாக ஒரே ஒரு உறுப்பினரிடம் மனு கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம்.

கேள்விக்குக் குறைந்தது 15 முழு நாட்கள் முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும். அமைச்சகங்கள் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குழுவுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கப்பட்டிருக்கும். சமூகநீதி அமைச்சகம் பதில் சொல்லும் நாள் வேறு, துறைமுக அமைச்சகத்தின் நாள் வேறு. தவறான அமைச்சகத்துக்கு எழுதினால் கேள்வி வேறு அமைச்சகத்துக்கு மாற்றப்படும். நாம் குறிவைத்த நாள் போய்விடும்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இது வெறும் அலுவலக விவகாரம் அல்ல. நம் ஊரில் ஒரே சாலையில் நான்கு அரசாங்கங்கள் குறுக்கே நிற்கின்றன. வ.உ.சி. துறைமுகம் 1974இல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டதால் ஒன்றிய அரசின் பொறுப்பு. உப்பு உற்பத்தியின் ஒழுங்குமுறை ஒன்றியப் பட்டியலில் 58ஆவது இனம். உப்பு ஆணையர் அலுவலகம் தொழில், வணிக அமைச்சகத்தின் கீழ் வருகிறது. ஆனால் உப்பளத்தில் கண் கூசக் கூச வேலை செய்யும் பெண்ணின் கூலியும் நலனும் தொழிலாளர் பொருள், அது பொதுப்பட்டியல். மீன்வளம் மாநிலப் பட்டியல், கரையோரக் கடல் எல்லைக்கு அப்பால் மீன்பிடித்தல் ஒன்றியப் பட்டியல். பொதுச் சுகாதாரமும் காவல்துறையும் மாநிலத்துக்குரியவை. ஒன்றிய அரசுக்கு முதன்மையாகத் தொடர்பில்லாத பொருள் என்றால் நாடாளுமன்றத்தில் கேள்வி அனுமதிக்கப்படாது. நீதிமன்ற விசாரணையில் இருந்தாலும் அப்படித்தான். 2018 மே 22 துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் கொல்லப்பட்டது குறித்த அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை சென்னை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டதற்கும் காரணம் இதுவே. ஆணையத்தை அமைத்தது மாநில அரசு. 2022 மே மாதம் அளிக்கப்பட்ட அந்த அறிக்கை அக்டோபர் 18 அன்று அவைக்கு வந்தது. விசாரணை ஆணையச் சட்டம் ஆறு மாதக் கெடு வைத்திருப்பதை நினைவில் கொள்ளுங்கள். கெடு இல்லாத அறிக்கைகள் அலமாரியில் கிடப்பதையும் பார்த்திருக்கிறோம். நம் சட்டமன்றத்தின் கேள்வி நேரம் 2022 ஜனவரியிலிருந்து நேரலையில் வருகிறது. நம் பிள்ளைகள் அதையும் பார்க்கலாம்.

அடுத்தது மொழி. மக்களவை விதி 41இன்படி கேள்வி 150 சொற்களுக்கு மேல் போகக்கூடாது. அதில் வாதம், ஊகம், கிண்டல், பழிச்சொல் இருக்கக்கூடாது. அமைச்சரின் கருத்தைக் கேட்கக்கூடாது. நம் துண்டறிக்கை நடையில் எழுதினால் என்ன ஆகும்? ‘மலக்குழியில் மனிதரைக் கொல்லும் ஒப்பந்ததாரர்களை அரசு ஏன் காப்பாற்றுகிறது?’ நியாயமான கோபம்தான். செயலகத்தில் முதல் மேசையிலேயே இது நின்றுவிடும்.

இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

(அ) கடந்த ஐந்தாண்டுகளில் சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி, கழிவுக் குழி எதுவாயினும் அதைச் சுத்தம் செய்யும்போது, வேலையின் சட்டப்பெயர் எதுவாயினும், இறந்தவர்கள் மாநில வாரியாக, ஆண்டு வாரியாக எத்தனை பேர். (ஆ) அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர். (இ) 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்திய இழப்பீடு எத்தனை குடும்பங்களுக்கு முழுமையாக வழங்கப்பட்டது. (ஈ) 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவை மீறியதற்காகப் பதிவான வழக்குகள், தண்டனைகள் எத்தனை?

இதில் கோபச்சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் ‘சட்டப்பெயர் எதுவாயினும்’ என்ற இரண்டு சொற்கள் 2021 ஜூலையில் தப்பிக்கப் பயன்பட்ட கதவைச் சாத்துகின்றன. (ஈ)க்கு வரும் எண்ணை (அ)வின் எண்ணோடு பக்கத்தில் வைத்தால், நாம் துண்டறிக்கையில் எழுத நினைத்ததை அரசே எழுதித் தந்ததாகிவிடும். துறைமுக அமைச்சகத்துக்கும் ஒன்று எழுதலாம்: வ.உ.சி. துறைமுகம் உள்ளிட்ட பெரிய துறைமுகங்களில் நிரந்தரத் தூய்மைப் பணியாளர் எத்தனை, ஒப்பந்தப் பணியாளர் எத்தனை, சமூக வாரியாக எத்தனை. முதுகலையில் சமூகவியல் படித்தபோது கள ஆய்வு வினாத்தாள் தயாரிக்க எங்களுக்குப் பயிற்சி தந்தார்கள். வினா மழுங்கினால் தரவும் மழுங்கும் என்ற அந்தப் பாடம் இங்கேதான் உண்மையில் பயன்படுகிறது.

‘தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்’ என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். அது உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். அதைக் கண்காணிக்க அரசு உறுதிமொழிக் குழு என்று ஒரு குழுவே இருக்கிறது. அமைச்சர் சொன்னது தவறு என்று ஆதாரம் இருந்தால் சபாநாயகரின் நெறிமுறை 115இன்படி உறுப்பினர் அதைச் சுட்டிக்காட்டலாம்.

கேள்வி நேரம் முடிந்ததும் மேசையில் ஆவணங்களை வைப்பார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் அப்போது கேமராவைத் திருப்பிவிடுவார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 21(4) பிரிவுப்படி ஒன்றிய அரசு ஆண்டுதோறும் வைக்கவேண்டிய அறிக்கை வருவது அப்போதுதான். பிறகு நேரமில்லா நேரம். அது விதிப்புத்தகத்தில் இல்லாத வழக்கம். அன்று காலை 10 மணிக்குள் அறிவிப்புத் தந்து பேசலாம், அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை. செய்தித்தாளில் படம் வரும். பதில் வேண்டுமென்றால் விதி 377 மேல். அதில் எழுதிக்கொடுத்துப் பேசுவதற்குத் துறை பிறகு எழுத்தில் பதில் அனுப்பும். மதியத்துக்கு மேல் மசோதாக்கள். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டரை மணி நேரம் தனிநபர் மசோதாக்களுக்கும் தீர்மானங்களுக்கும். எதற்கு எத்தனை மணி நேரம் என்பதை சபாநாயகர் தலைமையிலான அலுவல் ஆய்வுக் குழு பரிந்துரைக்கிறது; அரசு அலுவலில் எது முதலில் என்பதை அரசே முடிவு செய்கிறது.

இந்த நேர ஒதுக்கீடு எவ்வளவு கூரான ஆயுதம் என்பதை அண்ணலின் வாழ்க்கையே காட்டுகிறது. இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை யாரும் வாக்கெடுப்பில் தோற்கடிக்கவில்லை. தள்ளித் தள்ளி வைத்தார்கள். 1951 செப்டம்பரில் நான்கு பிரிவுகள் நிறைவேறிய நிலையில் கைவிட்டார்கள். அவர் பதவி விலகினார். அக்டோபரில் விலகலுக்கான காரணத்தை அவையில் சொல்ல எழுந்தபோது, அறிக்கையின் நகலை முன்கூட்டியே தரவேண்டும், மாலை 6 மணிக்குத்தான் பேசலாம் என்றார் துணை சபாநாயகர். அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவர் அவையை விட்டு வெளியேறி, அறிக்கையைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். ஒரு மசோதாவையும் ஒரு மனிதரின் பேச்சையும் நிறுத்த, கடிகாரம் போதுமானதாக இருந்தது.

கேள்வி நேரத்தையே எடுத்துவிட்ட காலங்களும் உண்டு. 1975இல் நெருக்கடி நிலையின்போது. பிறகு 2020 செப்டம்பரில், கொரோனாவைக் காரணம் காட்டி. அந்தக் கூட்டத்தொடரில் எழுத்துமூலப் பதில்கள் மட்டும் இருந்தன. ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பி வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அப்படிப்பட்ட தரவு பராமரிக்கப்படவில்லை என்று செப்டம்பர் 14 அன்று தொழிலாளர் அமைச்சகம் பதில் தந்தது. ஏன் பராமரிக்கவில்லை என்று எழுந்து கேட்க யாருக்கும் வழியில்லை. 1892இன் நிலைக்கு ஒரு பத்து நாள் போய்வந்தோம். அதே கூட்டத்தொடரில், செப்டம்பர் 22, 23 தேதிகளில், தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் மூன்று இரண்டு அவைகளிலும் நிறைவேறின.

பதில்கள் எல்லாம் நாடாளுமன்ற இணையதளத்தில் கிடைக்கின்றன. நம் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த நாட்களில், 1961 வரை, சிப்பிகளைக் குவித்து, அழுகவிட்டு, நாற்றத்தோடு அலசித்தான் முத்தெடுப்பார்கள். எழுத்துமூலப் பதில்களைப் படிப்பதும் ஏறத்தாழ அந்த வேலைதான்; பெரும்பாலும் வெறும் சிப்பி. இன்னொரு தடையும் இருக்கிறது: பதில்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வருகின்றன. 340 என்ற எண்ணுக்குள் இருக்கும் 43 தமிழ்நாட்டுக் குடும்பங்களில், தம் வீட்டுச் சாவு எந்த அவையில் எந்தத் தேதியில் கணக்கில் ஏறியது, எந்தத் தேதியில் இல்லையென்று சொல்லப்பட்டது என்று அறிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

இங்கே மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நிதிநிலைக் கூட்டத்தொடர் ஜனவரி கடைசியில் தொடங்குவது வழக்கம். கூட்டத்தொடர் அறிவிப்போடு அமைச்சகங்களுக்கான நாட்களின் அட்டவணையும் வரும். அதில் சமூகநீதி அமைச்சகத்தின் நாளைப் பார்த்து, பின்னோக்கி 15 நாட்கள் எண்ணுங்கள். மேலே சொன்ன நான்கு உட்பிரிவுக் கேள்வியை ஆங்கிலத்தில் பெயர்த்து, 150 சொற்களுக்குள் அடக்கி, 57 உறுப்பினர்களின் அலுவலகங்களுக்கும் அனுப்ப ஒரு நாள் வேலைதான். பதில் வந்ததும் அதைத் தமிழில் பெயர்த்து அந்தந்தக் குடும்பத்தின் வாசலுக்கு எடுத்துப்போவதற்கு அதைவிட அதிக நாட்கள் ஆகும்.