பழைய விமானம்: விடுவதா, வைத்திருப்பதா?

விமானம் பழையது என்று தெரிந்தால் பயணிகளுக்கு முதலில் எழுவது பாதுகாப்பைப் பற்றிய கவலைதான். விமான நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் எழும் கேள்வி வேறு. "வயது எத்தனை?" என்பதைவிட, "இருக்கைகள் எத்தனை?" என்பதே அங்கு முக்கியம்.

அமெரிக்காவில் சிறிய ஊர்களைப் பெருநகரங்களோடு இணைக்கும் வட்டார ஜெட் விமானங்கள் இதற்கு நல்ல உதாரணம். கனடாவின் பம்பார்டியர் நிறுவனம் தயாரித்த சிஆர்ஜே வகை 1992-இல் சேவைக்கு வந்தது. அதில் 50 பேர் பயணம் செய்யலாம். அப்போது எரிபொருள் மலிவு. பயணிகளும் சுழல்விசிறி விமானத்தைவிட ஜெட்டையே விரும்பினர். நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் வாங்கிக் குவித்தன.

2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 அமெரிக்க டாலரைத் தொட்டபோது கணக்கு தலைகீழானது. 50 இருக்கை விமானத்திற்கும் இரண்டு விமானிகள் வேண்டும். 76 இருக்கை விமானத்திற்கும் இரண்டு பேர்தான். செலவைப் பங்கிட ஆள் குறைந்தால், ஒவ்வொரு பயணியின் தலையிலும் விழும் பங்கு கூடிவிடும்.

அப்படியென்றால் பழையதை ஏன் உடனே ஒதுக்கவில்லை? அதற்கும் காரணம் உண்டு. பழைய விமானத்தின் கடன் அடைந்திருக்கும். புதிய விமானம் பறந்தாலும் தரையில் நின்றாலும் மாதத் தவணை கட்டியாக வேண்டும். நாளுக்குச் சில பயணங்களே உள்ள தடத்தில், எரிபொருளில் மிச்சமாகும் பணம் அந்தத் தவணைக்கு ஈடாகாது. ஆகவே, இயந்திரத்தை முழுமையாகப் பிரித்துச் சீரமைக்கும் பெருஞ்செலவு வரும் வரை பலர் பழையதையே ஓட்டுகின்றனர். அந்தக் கட்டத்தில்தான், செலவு செய்வதா, நிறுத்திவிடுவதா என்ற முடிவு எடுக்கப்படுகிறது.

பாதுகாப்பும் வயதை மட்டும் பொறுத்ததன்று. விமானம் ஒவ்வொரு முறை உயரே ஏறி இறங்கும்போதும், உள்ளே காற்றழுத்தம் கூடிக் குறைவதால் அதன் உடற்பகுதி களைப்படைகிறது. எனவே ஆண்டுகளோடு, எத்தனை முறை பறந்தது என்பதையும் கணக்கிட்டே சோதனைகள் வகுக்கப்படுகின்றன.

இன்னொரு முடிச்சும் உள்ளது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் தங்கள் விமானிகளின் தொழிற்சங்கங்களோடு செய்துள்ள ஒப்பந்தங்கள், துணை நிறுவனங்கள் ஓட்டும் விமானத்தின் இருக்கைகளையும் எடையையும் கட்டுப்படுத்துகின்றன. பொதுவான உச்ச வரம்பு 76 இருக்கைகள், சுமார் 39 டன். பிரேசிலின் எம்ப்ரேயர் வடிவமைத்த புதிய இ175-இ2, எரிபொருளை மிச்சப்படுத்தினாலும் அந்த எடையைத் தாண்டிவிட்டது. 50 இருக்கை விமானங்களுக்கும் தனி வரம்பு இருப்பதால், 2019-இல் யுனைடெட் நிறுவனம் ஏறத்தாழ 70 பேர் அமரக்கூடிய சிஆர்ஜே 700-இல் 50 இருக்கைகளை மட்டும் பொருத்திச் சேவைக்கு விட்டது.

50 இருக்கை அளவில் மாற்றாகப் புதிய ஜெட் விமானமும் சந்தையில் இல்லை. பம்பார்டியர் 2020-இல் சிஆர்ஜே பிரிவை மிட்சுபிஷிக்கு விற்றது. 2021-இல் கடைசி விமானம் ஒப்படைக்கப்பட்டது. மிட்சுபிஷியோ தனது ஸ்பேஸ்ஜெட் திட்டத்தை 2023-இல் கைவிட்டது.

இந்தக் கணக்கின் விளைவைச் சுமப்பவை சிறிய ஊர்களே. 2022-இல் விமானிகள் பற்றாக்குறை வந்தபோது, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டொலிடோ, இத்தாகா, ஐஸ்லிப் ஆகிய மூன்று ஊர்களுக்கான சேவையை நிறுத்தியது. விமானிகள் போதாதபோது, அதே இரண்டு பேரைக் கொண்டு அதிகம் பேரை ஏற்றும் தடத்திற்கே முதலிடம் கிடைக்கும்.

இது தொலைதூரக் கதை மட்டுமன்று. சிங்கப்பூரின் ஸ்கூட் 2024-இல் 112 இருக்கைகள் கொண்ட எம்ப்ரேயர் இ190-இ2 விமானங்களைச் சேவையில் இறக்கியது. சிபு, கோ சமுய் போன்ற ஊர்களுக்கு அந்த விமானங்களில் நேரடிச் சேவை தொடங்கியது. ஊருக்கு ஏற்ற அளவில் விமானம் இருந்தால்தான் அந்த ஊருக்கு விமானச் சேவை நிலைக்கும்.