அடைக்கலம் வந்த குழந்தை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் மலைப் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒன்று விடாமல் எண்ணுவார்கள். மேலே போய் ஏரியில் படகு விடுவார்கள். காப்பித் தோட்டங்களைப் பார்ப்பார்கள். சேர்வராயன் குகைக் கோயிலில் குனிந்து நுழைந்து கும்பிட்டுவிட்டு இறங்குவார்கள். இந்த மலைக்கு ஒரு சரித்திரப் பெருமை உண்டென்பது பலருக்கு ஞாபகம் வராது. 1937-ஆம் வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜியின் மந்திரிசபை சென்னை மாகாணத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோது, பரீட்சைக்கென எடுத்துக்கொண்ட முதல் ஜில்லா சேலம். ஏற்காடும் அதில் அடக்கம்.

அந்தச் சட்டம் பட்ட பாடு ஒரு தனிப் புராணம். 1943-இல் நிறுத்தி வைத்தார்கள். 1948-இல் மாகாணம் முழுவதற்கும் கொண்டு வந்தார்கள். 1971-இல் எடுத்தார்கள், பிறகு கடைகளைப் பூட்டினார்கள், மறுபடி திறந்தார்கள். 2003 முதல் சில்லறைக் கடையை அரசாங்கமே நடத்தி வருகிறது. கடை திறந்திருந்த காலத்திலும் சரி, மூடியிருந்த காலத்திலும் சரி, ஒரு காரியம் மட்டும் நின்றபாடில்லை. குடியால் குலைந்த வீட்டிலிருந்து ஒரு குழந்தை, துணிப் பையில் இரண்டு உடுப்புகளோடு, பாட்டி வீட்டுக்கோ சித்தி வீட்டுக்கோ, சில சமயம் முன்பின் அறியாத குடும்பத்துக்கோ போய்ச் சேருகிறது. அந்தக் குழந்தையை ஏற்றுக்கொள்ளும் வீட்டாருக்காகவே இதை எழுதுகிறோம்.

2024-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், சேலத்துக்குக் கிழக்கே கல்வராயன் மலைப் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போயிற்று. பலரைச் சேலம் அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் கொடுப்பதாக அரசாங்கம் அறிவித்தது. பத்திரிகைகளெல்லாம் எழுதின, தேசமே அனுதாபப்பட்டது. ஆனால் விஷச் சாராயம் ஒரு நாளில் செய்ததைச் சாதாரணச் சாராயம் பத்து வருஷத்தில் மெதுவாகச் செய்கிறது. அந்த வீட்டுக் குழந்தைக்கு அனுதாபம் கிடைப்பதில்லை. "குடிகாரன் பிள்ளை" என்ற பட்டம்தான் கிடைக்கிறது.

சட்டம் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 44-ஆவது பிரிவின்படி, குழந்தைகள் நலக் குழு ஒரு குழந்தையைத் தகுதியுள்ள குடும்பத்திடம் வளர்க்க ஒப்படைக்கலாம். வளர்ப்புப் பராமரிப்பு என்று இதற்குப் பெயர். இது தத்து அல்ல. பெற்றோர் குழந்தையை வந்து பார்க்கலாம். அது குழந்தைக்கு நன்மையல்ல என்று குழு கருதினால் மட்டுமே தடை. பெற்றோர் தகுதி பெற்றுவிட்டால் குழந்தை திரும்பியும் போகலாம். நம்மவர்கள் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள். "நாங்கள் சோறு போட்டு வளர்க்கிறோம், அந்தக் குடிகாரன் எதற்கு வாசற்படி ஏற வேண்டும்?" என்கிறார்கள். கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். அந்தத் தகப்பனுக்கு வந்திருப்பது வியாதி என்று தெரிந்துகொள்ளும் வரையில் அப்படித் தோன்றும்.

வியாதி என்று நாம் சொல்வது மரியாதைக்காக அல்ல. வருஷக்கணக்காகக் குடிக்கிறவனுடைய மூளை மதுவுக்குத் தக்கபடி தன்னை மாற்றி அமைத்துக்கொள்கிறது. பழைய அளவு பிறகு போதாது. காலையில் கை நடுங்கும். ஒரு வாய் உள்ளே போனால் நடுக்கம் நிற்கும். குழந்தையின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தவன் சாயங்காலமே அதை மீறினால், பெரும்பாலும் சத்தியம் பொய்யாக இருந்ததனால் அல்ல. காலையில் செய்த சத்தியத்தைச் சாயங்காலம் வரை காப்பாற்றும் சக்தியைத்தான் வியாதி முதலில் தின்றுவிடுகிறது. இதனால் அவன் செய்த அடி உதையெல்லாம் மன்னிக்கப்பட்டுவிடாது. அது வேறு கணக்கு.

கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு குடியை விடுகிறவர்கள் நம் ஜில்லாவில் உண்டு. அந்த வைராக்கியத்தை நாம் பரிகசிக்க மாட்டோம். ஆனால் நெடுநாள் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று தினங்களுக்குள் வலிப்பு வரலாம், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியலாம், பிராணாபாயமும் நேரலாம். கயிறு கட்டட்டும், கூடவே டாக்டரிடமும் போகட்டும். சாம்பாரிலும் காப்பியிலும் அவனறியாமல் கலந்து கொடுக்கும் மருந்து என்று ஏதேனும் விற்கப்பட்டால் அந்தத் திசைக்கே போகவேண்டாம். டைசல்பிரம் என்ற மருந்து ஒன்று உண்டு. மதுவோடு அது சேர்ந்தால் முகம் சிவந்து, மார்பு படபடத்து, இரத்த அழுத்தம் விழும் என்று கோபன்ஹேகன் ஆராய்ச்சியாளர்கள் 1948-இல் வெளியிட்டார்கள். தெரிந்து, சம்மதித்து, டாக்டரின் கண்காணிப்பில் சாப்பிட்டால் அது மருந்து. தெரியாமல் கொடுத்தால் விஷத்துக்கு அடுத்தபடி.

இனிக் குழந்தையிடம் வருவோம். இருபது வருஷத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவர்களுக்கு இப்படிப்பட்ட பிள்ளைகளை அடையாளம் கண்டுகொள்வது கஷ்டமல்ல. பெஞ்சு நகரும் சத்தத்துக்குத் திடுக்கிடுவார்கள். பத்து வயதுப் பெண் பாட்டியைப்போல் தம்பியை அதட்டுவாள். அவளைத் தனியே விட்டால் விளையாடத் தெரியாது. புது வீட்டுக்கு வந்த பின்னும் இவை ஓய்ந்துவிடுவதில்லை. தலையணைக்கடியில் இட்லியோ ரொட்டியோ ஒளிந்திருக்கும். வளர்ப்புத் தாய் அதைக் கண்டு, "திருட்டுப் புத்தி" என்று தீர்மானித்துவிடுகிறாள். நாளைக்கு அடுப்பு எரியுமா என்ற நிச்சயமில்லாத வீட்டில் அந்தக் குழந்தை கற்றுக்கொண்ட முன்ஜாக்கிரதை அது. "பசித்தால் எந்த நேரமும் எடுத்துக்கொள், கண்ணு" என்று சொல்லி, எட்டும் இடத்தில் ஒரு டப்பாவில் பொரி வைத்துவிட்டால், சில வாரமோ சில மாதமோ கழித்துத் தலையணைக்கடி காலியாகிவிடும்.

பொய்யும் அப்படித்தான். தகப்பன் தள்ளாடியதை அக்கம்பக்கத்துக்கு மறைத்து மறைத்து, மறைப்பதே அந்தக் குழந்தைக்குக் குடும்ப தர்மமாகிவிட்டது. புது வீட்டில் அது பழகிய தர்மத்தைத்தான் அனுஷ்டிக்கிறது. அப்பா குடித்தது தன்னால்தான், தான் நன்றாகப் படித்திருந்தால் குடித்திருக்க மாட்டார் என்று நம்பும் குழந்தைகளும் உண்டு. கேட்டால் சொல்லாது. கேட்காமலே நாம் சொல்ல வேண்டும்: "அப்பாவுக்கு ஒரு வியாதி. அதை நீ உண்டாக்கவில்லை. உன்னால் குணப்படுத்தவும் முடியாது." ஒரு தடவை சொன்னால் போதாது.

இதற்கு நேர் விரோதமான ஒரு வாக்கியம் நம் வீடுகளில் சர்வ சாதாரணம். பால் செம்பு கவிழ்ந்தாலும், கணக்கில் மார்க் குறைந்தாலும், "உங்கப்பன் புத்திதானே உனக்கும் வரும்?" என்பது. இரக்கமின்மை ஒரு பக்கம் இருக்கட்டும்; சாஸ்திரப்படியும் இது பாதிதான் உண்மை. குடி வியாதிக்கு ஆளாவதில் பரம்பரைக்கு ஏறக்குறையப் பாதிப் பங்கு என்று இரட்டையரை வைத்துச் செய்த ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. மற்றப் பாதி வளரும் வீட்டையும் சேர்க்கையையும் பொறுத்தது. குடிகாரர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் குடிகாரர்களாவதில்லை. ஆனால் தினந்தோறும் இந்த ஜோசியத்தைக் கேட்கும் பையன், பதினாறு வயதில் யாரோ ஒரு சிநேகிதன் குப்பியை நீட்டும்போது, ஜோசியம் பலிக்கட்டுமே என்று வாங்கிக்கொள்வான். பரம்பரை அபாயத்தைப் பற்றி அவனிடம் பேச வேண்டியதுதான். வசவாக அல்ல, சர்க்கரை வியாதியுள்ள குடும்பத்தில் பிள்ளைகளை எச்சரிப்பதுபோல.

தகப்பன் பார்க்க வரும் நாள்தான் எல்லாவற்றிலும் கடினம். நிதானத்தில் வந்தால் திண்ணையில் உட்கார வைத்து ஒரு வாய் காப்பி கொடுப்பதில் நமக்கு நஷ்டமில்லை. குடித்துவிட்டு வந்தால், "இன்றைக்கு வேண்டாம் தம்பி, இன்னொரு நாள் வா" என்று வாசலிலேயே நிறுத்தலாம். குழந்தைக்கு எதிரில் சண்டை வேண்டாம். வரவே இல்லையென்றால், அவருக்கு வேலை என்று கதை கட்டவும் வேண்டாம். சிகிச்சை பெற்றுத் திருந்தியவன் மறுபடி விழுவதும் இந்த வியாதியின் வழக்கமே. நவம்பர் முதல் பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம். கையில் காசு புழங்கும் அந்த மாதங்களில் ஆறு மாத நிதானம் உடைந்துபோனால், எல்லாம் பாழ் என்று குழந்தைக்குத் தோன்றாதபடி முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

குடி நோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் சிகிச்சை ஸ்தாபனம் ஒன்றைத் தொடங்கினார். குடித்தவருக்கு மட்டுமின்றி வீட்டாருக்கும் சேர்த்தே அங்கே சிகிச்சை. நமக்கு அதுதான் சரியான முறையாகப் படுகிறது. ஆனால் எல்லோருக்கும் அது எட்டவில்லை. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் சிகிச்சை பெறுகிறார் என்பது 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின் முடிவு.

மலை கிராமத்திலிருந்து சேலம் அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநோய்ப் பிரிவுக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். குழந்தைகள் நலக் குழுவைப் பார்ப்பதற்கும் அப்படியே. புறப்படுமுன் டெலிபோனில் விசாரித்துக்கொள்ளலாம். குடியைப் பற்றி யோசனை கேட்க 14446. குழந்தையைப் பற்றியானால் 1098. இரண்டுக்கும் கட்டணமில்லை.