சீட்டுக்கட்டில் ஒளிந்திருக்கும் ஒல்லாந்தச் சொற்கள்

சீட்டாட்டம் என்றதும் தமிழாசிரியர் முகஞ்சுளிப்பது இயல்பு. குடியும் சூதும் என்று அடுக்கிச் சொல்லும் வரிசையில் வைத்து எண்ணப்படுவது அது. ஆயினும் சொல்லாராய்ச்சிக்கு இழிந்த இடம் என ஒன்றில்லை. ஏட்டில் ஏறாத பழஞ்செய்தியைச் சில வேளைகளில் சாவு வீட்டுத் திண்ணையில் இரவெல்லாம் கண்விழித்துச் சீட்டாடுவோரின் வாய்ச்சொல் காத்து வைத்திருக்கும்.

சிங்கப்பூரில் தீபாவளி இரவன்று பல தமிழ்க் குடும்பங்களில் சீட்டுக்கட்டு வெளியே வருவதுண்டு. காசு வைத்து ஆடினால் என்னாகும் என்று அஞ்சுவோர்க்கு ஒரு செய்தி: 2022ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம், வீட்டுக்குள் உற்றார் உறவினரும் நண்பரும் பொழுதுபோக்காக ஆடுவதைக் குற்றமாகக் கொள்வதில்லை. அவ்வாட்டத்தில் முதியவர் ஒருவர் சீட்டை இறக்கும்போது ‘கிளாவர் எட்டு’ என்பார். ‘ஆட்டின் ராணி’ என்பார். பக்கத்திலிருக்கும் பேரன் அச்சீட்டுகளையே ‘கிளப்ஸ்’ என்றும் ‘ஹார்ட்ஸ்’ என்றும் சொல்வான். பேரன் கூறுவது செவ்வையான ஆங்கிலம், தாத்தா கூறுவது ஆங்கிலத்தின் சிதைவு என்றே பெரும்பாலோர் எண்ணுவர். அவ்வெண்ணம் பொருந்தாது. தாத்தா பேசுவது ஆங்கிலமே அன்று.

கிளாவர் என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். மூவிலைக் குறியுள்ள சீட்டுக்கு ஆங்கிலர் இட்ட பெயர் ‘கிளப்’. தடி என்பது அதன் பொருள். தமிழன் நாக்கு எத்துணை வளைந்தாலும் கிளப் கிளாவர் ஆகாது. ஆனால் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், அச்சீட்டை இன்றும் ‘கிளாவர்’ என்றே அழைக்கின்றனர். மூவிலைப் புல் ஒன்றின் பெயர் அது. குறியின் வடிவத்துக்கும் அதுவே பொருந்துகிறது.

ஆட்டின் என்பதும் அவ்வாறே. ஆங்கிலத்திலிருந்து வந்திருப்பின், பன்மையீறு சேர்ந்து ‘ஆர்ட்ஸ்’ என்பது போன்ற வடிவமே நின்றிருக்க வேண்டும். ‘இன்’ என்னும் ஈறு எங்கிருந்து வந்தது? ஒல்லாந்த மொழியில் இச்சீட்டின் பெயர் ‘ஹார்ட்டன்’. ஈற்றிலுள்ள ‘அன்’ அம்மொழியின் பன்மை விகுதி. முதலிலுள்ள ஹகர ஒலியைப் பேச்சுத்தமிழ் விட்டது. பிற அப்படியே தங்கின. ‘எந்த ஆட்டின் ராணி?’ என்று பிள்ளைகள் கேட்டு நகைப்பதுண்டு. தமிழின் ஆறாம் வேற்றுமையோடு வடிவம் ஒத்துப்போனது தற்செயல்.

இலங்கையை நோக்கினால் ஐயம் இன்னும் நீங்கும். ஈழத்துத் தமிழ் வழக்கில் இவை ஆடுதன், கலாவரை என வழங்கின. சிங்களத்திலோ நான்கு இனங்களும் இஸ்கோப்ப, ஹாரத, ரூவித, கலாபர என ஒல்லாந்தப் பெயர்களாகவே நிலைத்துவிட்டன. தமிழகத்தில் ரூவிதவின் இடத்தை ஆங்கில ‘டைமன்’ பறித்துக்கொண்டது. இஸ்பேட் என்பது வழக்குக்குரியது. சகர மெய்யோடு தொடங்கும் பிறமொழிச் சொல்லுக்கு முன்னே இகரம் சேர்ப்பது தமிழர் பழக்கம். ஆதலின் அதை ஆங்கிலம் என்றும் கொள்ளலாம், போர்த்துக்கேய ‘எஸ்பாடா’ என்றும் கொள்ளலாம். ஆஸ் என்னும் ஒற்றைச் சீட்டும் அத்தகையதே. அது ஆங்கில ‘ஏஸ்’ அன்று என்பது தெளிவு. ஆனால் ஒல்லாந்தரும் போர்த்துக்கேயரும் ஒருங்கே அதற்கு உரிமை கொண்டாடலாம்.

எல்லாவற்றினும் சுவையுடையது துருப்பு. அரசியல் கட்டுரைகளிலெல்லாம் ‘துருப்புச் சீட்டு’ என எழுதப்படும் இச்சொல்லை ஆங்கில ‘டிரம்ப்’ என்பதன் திரிபாகவே பலர் கொள்கின்றனர். அவ்வாறாயின் மகர மெய் எங்கே போயிற்று? ‘ம்ப்’ என்னும் ஒலி தமிழுக்கு அயலானதன்று. கரும்பும் இரும்பும் நம்முடையவை. நாக்குக்கு எளிதான ஒன்றை நாக்கு ஏன் விடவேண்டும்? ஒல்லாந்தச் சொல் ‘துரூஃப்’ என்பது. அதில் மகரமில்லை, தமிழிலில்லாத ஃபகரம் பகரமாய் இரட்டித்துத் துருப்பு ஆயிற்று எனல் தகும். இலங்கைத் தமிழ் ஏடுகளில் ‘துரும்புச் சீட்டு’ என்று மகரத்தோடு எழுதுவதும் உண்டு. அது போர்த்துக்கேய ‘துருன்ஃபு’ வழியோ ஆங்கில வழியோ வந்த வேறொரு கிளை போலும்.

சீட்டாட்டம் இந்தியாவுக்கு ஒல்லாந்தரோடுதான் வந்தது என்று இதனால் கொள்ளற்க. வட்டச் சீட்டுகளால் ஆடும் கஞ்சிபா முகலாயர் காலத்திலேயே வழங்கியது. பாபர் தம் நினைவுக் குறிப்பில் அதைச் சுட்டுகிறார். திருமாலின் பத்துப் பிறப்புகளையும் பத்து இனங்களாக்கித் தீட்டிய சீட்டுகளும் உண்டு. மைசூர் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் தாமே புதிய ஆட்டங்கள் பலவற்றை வகுத்தார். ஆனால் அவ்வட்டச் சீட்டு வேறு மரபு. தமிழர் கையில் இன்றுள்ள நான்கினச் சீட்டுக்கட்டு கடல்வழி வந்தது.

வந்த வழியும் தெளிவானது. ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழவேற்காட்டில் காலூன்றினர். 1658இல் தூத்துக்குடி, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் மூன்றையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். நாகப்பட்டினம் 1781 வரையிலும் யாழ்ப்பாணம் 1795 வரையிலும் அவர்கள் ஆட்சியில் இருந்தன. நூறாண்டுக்கு மேல் ஓர் இனத்தாரோடு பண்டகசாலையிலும் துறைமுகத்திலும் பழகியவர் சொல்லின்றித் திரும்புவரோ? துட்டும் கக்கூசும் ஈழத்துக் கந்தோரும் அவ்வாறு வந்தவையே.

சொற்களோடு ஆட்டமும் வந்தது என எண்ண இடமுண்டு. யாழ்ப்பாணத்தார் விரும்பி ஆடும் ‘முந்நூற்று நாலு’ இதற்குச் சான்று. ஏழு முதல் ஆஸ் வரையுள்ள 32 சீட்டுகளை வைத்து, எதிரெதிர் அமர்ந்த இருவர் இருவராக நால்வர் ஆடுவது அது. முதலில் நான்கு நான்கு சீட்டு வழங்குவர். அவற்றை மட்டும் பார்த்தே புள்ளி கேட்க வேண்டும். மிகுதி கேட்டவர் துருப்பைக் குறித்து ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். அது எது என்பது பிறர்க்குத் தெரியாது. பிறகே எஞ்சிய நான்கு சீட்டும் கைக்கு வரும். இதில் அரசனும் அரசியும் பெரியவர் அல்லர்! ஜாக்கியே தலைமை, அதற்கு 30 புள்ளி. அடுத்தது ஒன்பது, 20 புள்ளி. ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஓரினத்துக்கு 76, நான்கினத்துக்கு 304. ஆட்டத்தின் பெயரே கூட்டுத்தொகை. தென்னிந்தியாவில் ஆடும் ‘இருபத்தெட்டு’ம் இதே முறையில் சிறிய எண்களால் அமைந்தது.

சேவகன் அரசனை வெல்லும் இத்தலைகீழ் வரிசை ஆங்கில ஆட்டங்களில் அரிது. ஒல்லாந்தரின் ‘கிளாவர்யாஸ்’ என்னும் ஆட்டத்தில் அது உண்டு; அங்கே துருப்பினத்தில் மட்டும் ஜாக்கியும் ஒன்பதும் மேலேறும். அவ்வாட்டத்துச் சீட்டுகளின் புள்ளிகளைக் கூட்டினால் 152 வரும். அதன் இரட்டிப்பு 304 என்பது கணக்காசிரியர்க்கு மகிழ்ச்சி தரலாம். அதை மட்டும் கொண்டு முடிவு கட்டுவது முறையன்று. இரண்டும் ஒரே குடும்பம் என்பதற்கு ஜாக்கியும் ஒன்பதுமே போதும்.

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். 1824 மார்ச் 17ஆம் நாள் ஆங்கிலரும் ஒல்லாந்தரும் ஓர் உடன்படிக்கை செய்தனர். இந்திய மண்ணில் தமக்கிருந்த இடங்களையும் மலாக்காவையும் ஒல்லாந்தர் விட்டுக்கொடுத்தனர். சிங்கப்பூர் குறித்த மறுப்பையும் கைவிட்டனர். நாகப்பட்டினத்தையும் சிங்கப்பூரையும் ஒருங்கே ஆங்கிலரிடம் உறுதிப்படுத்திய தாள் அது. அதன்பின் நாகப்பட்டினத்தில் கப்பலேறி இங்கு வந்த தமிழர், ஒல்லாந்தர் கைவிட்ட கரைக்கு ஒல்லாந்தர் சொற்களைச் சுமந்து வந்தனர்.

அச்சொற்கள் இப்போது தேய்கின்றன. சீட்டுக்கட்டைக் கைப்பேசித் திரையில் கற்கும் பிள்ளைக்குக் கிளாவர் தேவைப்படுவதில்லை. பள்ளியோ சூதாட்டச் சொல்லென்று தொடுவதில்லை. தூய தமிழ் ஆர்வலர் இதயம் என்று பெயர்க்கலாம், பெயர்த்தும் உள்ளனர். 2019இல் வந்த ஒரு திரைப்படம் ‘இஸ்பேட் ராஜாவும் இதய ராணியும்’ என்று பெயர் பூண்டது. அதில் இஸ்பேட் தப்பியது, ஆட்டின் போயிற்று. புதுச்சொல் ஆக்குவதில் தவறில்லை. ஆனால் பழஞ்சொல்லைக் கொச்சை என்று திருத்தும் ஆசிரியர், மூன்று நூற்றாண்டுச் சான்று ஒன்றைச் சிவப்பு மையால் அடிக்கிறார். பாட்டன் பாட்டியிடம் நான்கு இனங்களின் பெயரையும் கேட்டு எழுதி வருமாறு மாணவர்க்குப் பணித்தால், எவ்வூரார் எவ்வடிவம் வழங்கினர் என்பதாவது தெரியவரும்.

பக்கத்து வீட்டு மலாய்க்காரரையும் கேட்கச் சொல்லலாம். அவர் சீட்டுக்கட்டை ‘டாவுன் தெருப்’ என்பார்; அதிலுள்ள தெருப், நம் துருப்பின் உடன்பிறப்பு. இஸ்பேட்டைச் ‘செகோப்போங்’ என்பார். அது சிங்கள இஸ்கோப்பவுக்கு உறவு. கிளாவரைக் ‘கெலாவார்’ என்பார். அவர் மொழியில் கெலாவார் என்றால் வௌவால் என்றும் பொருள்படும். ஒல்லாந்தரின் மூவிலைப் புல் மலாய்க்காரர் கையில் வௌவாலாயிற்று.