சைக்கிள் ஒரு பக்கம் இழுக்கிறதா? நூல் காட்டிக் கொடுக்கும்!

தூத்துக்குடி:
ரிம் கோட்டம் எடுத்தாச்சு. அப்படியும் சைக்கிள் ஒரு பக்கமே இழுக்கிறதா? பிரேமே வளைந்திருக்கலாம்!

துறைமுகம், உப்பளம் என்று பாரம் ஏற்றி மிதிப்பவர்களுக்குச் சைக்கிள் படுத்தால் அன்றைய கூலியும் போச்சு. சோதிக்கப் பெரிய பட்டறை வேண்டாம். வீட்டுத் திண்ணை, கெட்டி நூல், ஸ்கேல் போதும்.

நூல் சோதனை

பின்சக்கரத்தைக் கழற்றுங்கள். அச்சு உட்காரும் இடத்தில் ஒரு பக்கம் நூலைக் கட்டி, ஹேண்டில் குழாயைச் சுற்றிக் கொண்டு வந்து, மறுபக்கம் விறைப்பாகக் கட்டுங்கள்.

சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். இருபுறமும் ஒன்றானால் பின்பகுதி நேர். அடுத்த சந்தேகம் போர்க் மீது. ஒருபுறம் 20, மறுபுறம் 24 மில்லி மீட்டர் என்றால் கோட்டம் உறுதி. இடைவெளி கூடிய பக்கமே பின்பகுதி சாய்ந்திருக்கிறது.

உஷார்!

1949-ல் தொடங்கிய சென்னை டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரித்த ஹெர்குலிஸ் போன்ற பழைய கறுப்பு சைக்கிள்கள் இரும்புக் குழாய். அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஒவ்வொரு முறையும் நூல் பிடித்துப் பார்த்து நிமிர்த்தலாம். அலுமினிய, கார்பன் பிரேமில் கை வைக்காதீர்கள்.

உப்புக்காற்றில் குழாய் துருவேறி அரித்திருந்தாலோ, பற்றவைத்த இடத்தில் கீறல் தெரிந்தாலோ இரும்பையும் நிமிர்த்தக் கூடாது. பாரத்தோடு போகும்போது முறிந்தால், போவது கூலி மட்டுமல்ல!