மஞ்சள் விளக்கின் கணக்கு

நாற்சந்தி ஒன்றில் பச்சை விளக்கு அணைந்து மஞ்சள் விளக்கு எரிகிறது. அவ்வேளையில் சந்தியை நெருங்கும் ஓட்டுநர் ஒரு கணத்தில் முடிவு செய்தாக வேண்டும். வண்டியை நிறுத்துவதா, கடந்து செல்வதா? பிழையாக முடிவு செய்து விபத்து நேர்ந்தால் பழி அவரையே சாரும். ஆனால் எந்த முடிவைச் செய்தாலும் பிழையாகவே முடியும் வகையில் விளக்கின் கால அளவே அமைந்திருந்தால், பழி யாரைச் சாரும்? இக்கேள்விக்கு விடை கண்டவர்கள் சாலை அமைப்போர் அல்லர்; கணிதத்தைக் கருவியாகக் கொண்ட ஆராய்ச்சியாளர்கள்.

1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தனது ஆராய்ச்சிக் கூடத்தில் ராபர்ட் ஹெர்மன் என்பவரைப் பணியில் அமர்த்தியது. அவர் மோட்டார் வண்டிகளைப் பற்றிப் பயின்றவர் அல்லர். 1948இல் ரால்ஃப் ஆல்ஃபருடன் சேர்ந்து, பேரண்டம் தோன்றிய காலத்து வெப்பத்தின் எச்சம் இன்றும் எங்கும் பரவியிருக்க வேண்டும் என்றும், அதன் வெப்பநிலை தனிச்சுழிக்கு மேல் ஏறத்தாழ 5 பாகை என்றும் கணித்துக் கூறியவர். அவ்வெச்சம் 1965இல் கண்டறியப்பட்டது. அதன் உண்மையான அளவு சுமார் 2.7 பாகை. இத்தகையவர் மோட்டார் நிறுவனத்துக்கு எதற்கு என்று வியப்போர் உண்டு. சாலையில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் வண்டிகளும் விதிகளுக்கு உட்பட்டே இயங்குகின்றன, அவ்விதிகளைச் சமன்பாடாக எழுத இயலும் என்பது ஹெர்மனின் துணிபு.

டெனோஸ் காசிஸ், அலெக்ஸி மாரடுடின் ஆகிய இருவருடன் சேர்ந்து அவர் எழுதிய மஞ்சள் விளக்கு பற்றிய கட்டுரை 1960இல் வெளிவந்தது. அதன் கருத்தை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம்.

வண்டி மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 12.5 மீட்டர் வீதம் வருகிறது எனக் கொள்வோம். விளக்கைக் கண்டு தடையை மிதிக்க ஓட்டுநருக்கு 1 விநாடி ஆகிறது. அதற்குள் வண்டி 12.5 மீட்டர் சென்றுவிடும். பின்னர் வேகம் விநாடிக்கு 3 மீட்டர் வீதம் குறைந்தால், நிற்பதற்குள் மேலும் 26 மீட்டர் செல்லும். ஆகவே நிறுத்தக்கோட்டுக்கு 38.5 மீட்டருக்கு அப்பால் உள்ளவர் மட்டுமே அமைதியாக நிறுத்த முடியும்.

இனி, கடப்பவர் நிலை யாது? சந்தியின் அகலம் 15 மீட்டர், வண்டியின் நீளம் 5 மீட்டர் ஆயின், கோட்டைத் தாண்டிய பின்னும் 20 மீட்டர் சென்றால்தான் வண்டி முழுவதும் வெளியேறும். மஞ்சள் விளக்கு 3 விநாடி எரிகிறது. அது அணைந்தவுடன் குறுக்குச் சாலைக்கு வழி திறக்கப்படுகிறது. அந்த 3 விநாடியில் வண்டி செல்லும் தொலைவு 37.5 மீட்டர். எனவே கோட்டுக்கு 17.5 மீட்டருக்குள் இருப்பவர் மட்டுமே தக்க காலத்தில் கடப்பார்.

17.5 மீட்டருக்கும் 38.5 மீட்டருக்கும் இடையே 21 மீட்டர் நீளமுள்ள பகுதி எஞ்சுகிறது. அதில் அகப்பட்டவர் நிறுத்தவும் இயலாது, கடக்கவும் இயலாது. அவர் எவ்வளவு திறமையும் நேர்மையும் உடையவராயினும் விதியை மீறாமல் தப்ப வழியில்லை. இதுவே இருதலைக் கொள்ளி எறும்பின் நிலை.

இப்பகுதியை அடியோடு நீக்கத் தேவையான காலத்தைக் காண்பது கடினமன்று. ஓட்டுநர் விழிப்படையும் நேரம் 1 விநாடி. வேகத்தை, தடை வீதத்தின் இருமடங்கால் வகுக்கக் கிடைப்பது 2.1 விநாடி, சந்தியின் அகலத்தையும் வண்டியின் நீளத்தையும் கூட்டி வேகத்தால் வகுக்கக் கிடைப்பது 1.6 விநாடி. ஆகக் கூடி 4.7 விநாடி. இதனை மஞ்சள் விளக்குக்கும், அதன்பின் எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும் இடைவேளைக்கும் பகிர்ந்து அளிக்கலாம். இச்சூத்திரம் பின்னர் போக்குவரத்துப் பொறியாளர்களின் கைநூல்களில் இடம் பெற்றது.

எனினும் சூத்திரம் கையில் இருப்பதால் மட்டும் சந்தி பாதுகாப்புடையதாகிவிடாது. அதில் இடும் எண்கள் அவ்விடத்துக்கு உரியனவாக இருத்தல் வேண்டும். 12 மீட்டர் நீளமுள்ள பேருந்துகள் மிகுதியாகச் செல்லும் சந்தியில் மேலும் அரை விநாடிக்கு மேல் தேவைப்படும். சாலை நூற்றுக்கு 5 வீதம் சந்தியை நோக்கிச் சரிந்திருந்தால் புவியீர்ப்பு தடையின் பயனைக் குறைக்கும். அதற்காக ஏறத்தாழ 0.4 விநாடி கூட்ட வேண்டும். மழையால் நனைந்த சாலையும் தேய்ந்த உருளைப்பட்டைகளும் கணக்கை மேலும் மாற்றும். ஆகையால் சராசரி ஓட்டுநரை மட்டும் கருதாமல், மெதுவாக விழிப்படைவோரையும் உட்படுத்தும் அளவுகளையே தெரிந்தெடுத்தல் முறை.

சூத்திரத்தின் எல்லையை மறப்பதாலும் இடர் விளையும். கடப்பவர் வேகத்தைக் குறைக்காமல் நேராகச் செல்வார் என்பது அதன் அடிப்படை. திரும்பும் வண்டியோ கோட்டை அடையும் முன்பே வேகத்தைக் குறைத்தாக வேண்டும். ஆகவே அதற்குக் காலம் போதுவதில்லை. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், 2013இல் சந்திக் கேமராவால் மனைவிக்கு விதிக்கப்பட்ட அபராதம் காரணமாக மாட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம் என்பவர் இக்குறையை ஆராயத் தொடங்கினார். உரிமம் இன்றிப் பொறியாளர் தொழில் செய்தார் என்று மாநில வாரியம் அவருக்கே 500 டாலர் அபராதம் விதித்தது. அவர் நீதிமன்றம் சென்று வென்றார். திரும்பும் வண்டிகளுக்கும் பொருந்துமாறு விரிவாக்கிய சூத்திரம் 2020இல் போக்குவரத்துப் பொறியாளர் கழகத்தின் வழிகாட்டியில் ஏற்கப்பட்டது. 1960இல் எழுதப்பட்ட கணக்கில் பிழையில்லை. அது கூறாத இடத்தில் அதனைப் பயன்படுத்தியதே பிழை.

உயர்நிலை வகுப்பு மாணவர் அறிந்த இயக்கச் சமன்பாடுகளே இக்கணக்குக்குப் போதும். தம் ஊர்ச் சந்தியின் அகலத்தை அளந்து, மஞ்சள் விளக்கின் காலத்தைக் கடிகாரத்தால் கணித்து, மேற்கூறியவாறு இரு தொலைவுகளையும் காணுமாறு ஆசிரியர் மாணவரைப் பணிக்கலாம். அளவு எடுப்போர் சாலையில் இறங்காமல் நடைபாதையில் நின்றே எடுத்தல் வேண்டும். களப் பணியாளரும், ஒரு சந்தியில் விதிமீறல் மிகுந்து காணப்பட்டால், ஓட்டுநரைக் குறைகூறு முன்னர் விளக்கின் கால அளவைச் சரிபார்த்தல் நலம். பல விநாடிகள் தேவையில்லை. ஒன்றோ இரண்டோ விநாடி வேறுபாடே ஓர் உயிரைக் காக்கப் போதுமானது.