வீட்டுக் கல்வியும் செய்முறையும்

பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாது வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோர் நம் நாட்டிலும் ஆங்காங்கே தோன்றியிருக்கின்றனர். 1989-ல் ஏற்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி, 14 வயது நிரம்பியோர் நாள்தோறும் பள்ளி செல்லாமலே பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வழி செய்தது. ஆனால், உருப்போடும் வழக்கத்தையே வீட்டுக் கூடத்துக்கு மாற்றுவதானால், பிள்ளைக்குத் தோழர்கள் நஷ்டமாவதன்றி வேறு பலன் யாது?

வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப்போல் ஏறக்குறைய 22/7 மடங்கு என்று ஒப்பிப்பது எளிது. பிள்ளை ஒரு நூலால் செம்பின் வாயைச் சுற்றி அளக்கட்டும். குறுக்கேயும் அளந்து வகுத்துப் பார்க்கட்டும். பிறகு தாம்பாளத்தையும் வண்டிச் சக்கரத்தையும் அளக்கட்டும். ஒவ்வொரு தடவையும் மூன்றுக்குச் சற்று மேலான அதே விகிதம் வரக் கண்டு வியப்பான். விடை பிசகினாலோ, நூல் தளர்ந்ததா, குறுக்களவு நடுவழியே சென்றதா என்று தானே ஆராய்வான். விஞ்ஞானத்தின் உயிர்நிலை இவ்வாராய்ச்சியிலன்றோ இருக்கிறது! முற்றத்தில் ஒரு கோலை நட்டு அதன் நண்பகல் நிழலை ஓராண்டு குறித்து வந்தால், உத்தராயணமும் தட்சிணாயனமும் பஞ்சாங்கத்தின் துணையின்றியே விளங்கும்.

தக்ளியில் நூற்கும் கை கணக்கையும் கற்கும் என்பது, 1937-ல் வார்தாவில் மகாத்மா காந்தி வகுத்த ஆதாரக் கல்வியின் கருத்து. அது நாடெங்கும் வேரூன்றவில்லை.

இம்முறைக்குப் பொருட்செலவு சொற்பம். வேண்டுவது கற்பிப்போரின் பொழுது. கூலி வேலைக்குச் சென்று அந்தியில் திரும்பும் தாயிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமன்று. அவள் குழந்தையின் கையில் நூலையும் செம்பையும் கொடுக்க வேண்டியது பாடசாலையே.